மூன்று ஐந்து புத்தகம்

டிசம்பர் மழைக்கு
பீடோர் கடைத்தெருச் சாக்கடை பொங்கி
பேருந்து நிலையம் வரை வந்துவிட்டது.
கொய்யா விற்கும் சீனர் கூடைகளை
நாற்காலி மேல் ஏற்றிவிட்டு
வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.
அங்கேதான் பார்த்தேன்.
ஈப்போ பேருந்தில் இருந்து இறங்கினாள்,
கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை.
பிலோமினா.
பதினோரு வருடம்.

கூட்டுப் பணம் பிடித்தவள்.
இருபது பேர், மாதம் இருநூறு வெள்ளி.
என் முறை வரவேண்டிய மாதம்
அவள் லயத்துக் கதவில் பூட்டு.
கொடியில் ஒரு துண்டு மட்டும்
யாரும் எடுக்காமல்
நனைந்து, காய்ந்து, நனைந்து.
நாலாயிரம்.
வெரோனிக்கா தாதியர் கல்லூரிக்குப் போகவில்லை.
கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள்.

மூன்று ஐந்து போட்ட சின்னப் புத்தகத்தில்
எழுதி வைத்தேன்.
ஜனவரிதோறும் புதுசு வாங்கி
முதல் பக்கத்தில் அதே பெயர், அதே தொகை.
மீன்காரர், மின்சாரம், ஆலயச் சந்தா
எல்லாம் அதற்குப் பின்னால்தான்.
புத்தகம் எப்போதும் கைப்பையில்,
ஜெபமாலையோடு.
மணிகளின் சிக்கலை எடுக்கும்போதெல்லாம்
அதன் முனை விரலில் குத்தும்.

நள்ளிரவுப் பூசை.
தோட்டத்து ஆலயத்தின் தகரக் கூரையில்
மழை அடித்த அடியில்
சாமியாரின் பிரசங்கம் பாதி
எங்களுக்கு வந்து சேரவில்லை.
குடிலைத் தஸ்நேவிஸ் கட்டியிருந்தான்,
செம்பனை மட்டையும் லாலாங் புல்லும் வைத்து.
மூன்று ராஜாக்களில் ஒருவர்
போன வருட வெள்ளத்தோடு போய்விட்டார்.
மற்ற இருவர் அவருக்கு இடம் விட்டு நின்றார்கள்.

எனக்குப் பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.
இருமலைத் தெரியும் எனக்கு.
பதினான்காம் காட்டில்
விடியுமுன் பனியில்
அடுத்த நிரையில் கேட்ட இருமல் அது.

வெரோனிக்கா வயிற்றில் எட்டு மாதம்.
ஒருநாள் மரத்தடியில் சாய்ந்தவள்
எழுந்தபோது என் வாளி நிறைந்திருந்தது.
நிறுவைக் கொட்டகையில் மண்டோர்
அவளுக்கு அரைநாள் கூலி போட்டார்,
“தூங்கினியா?” என்று கேட்டு.
ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதை நான் எந்தப் புத்தகத்திலும் ஏற்றவில்லை.
வந்ததை யார் எழுதி வைக்கிறார்கள்.

ஈடாகாது, தெரியும்.
ஒரு வாளிப் பால் எங்கே, நாலாயிரம் எங்கே.
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்.
தலைமேல் தகரம் அதிர்ந்தது.
கணக்கு வரவே இல்லை.

“ஒருவருக்கொருவர் சமாதானம்…”
அது மட்டும் மழையைத் தாண்டிக் கேட்டது.
எல்லாரும் திரும்பினார்கள்.
நானும் திரும்ப வேண்டியதாயிற்று.

நரைத்திருந்தாள்.
முன்பல் ஒன்று இல்லை.
கும்பிட்டாள்.
நானும் கைகளைச் சேர்த்தேன்.
கைப்பை தோளில் இருந்து நழுவி
பெஞ்சில் விழுந்தது.
கும்பிட்ட கையால் எதையும்
பிடித்துக்கொள்ள முடியாது.
எடுக்கக் குனியவில்லை நான்.

பூசை முடிந்து வாசலில்
மீகூன் பொட்டலமும் கோப்பியும்.
பையைத் திறந்து எதையாவது நீட்டுவாள் என்று
ஒரு கணம் நினைத்தேன்.
உள்ளே மாற்றுச் சேலைதான்.
“செசிலி, இன்னும் என்னால…”
“மழை விடட்டும்,” என்றேன்.
“பசியாறு முதல்ல.”
அவள் சாப்பிட்டாள்.
நெத்திலி உறைத்ததோ என்னவோ
மூக்கை உறிஞ்சினாள்.
நான் இன்னொரு கோப்பி வாங்கி வந்தேன்.

வெரோனிக்கா வேனை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்ததால்
அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.
அவளுடைய வருடங்களை
நான் எடுத்து யாருக்கும் தள்ளுபடி செய்ய முடியாது.
வேன் விளக்கை மட்டும் போட்டாள்,
நாங்கள் இருவரும் நின்ற
சேற்றுப் பக்கமாக.

ஜனவரியில் புதுப் புத்தகம் வாங்கினேன்.
முதல் பக்கம்:
கெம்போங் மீன், பன்னிரண்டு வெள்ளி.